அலம்பாத மணல்

போன வாரம் விமலா போன் செய்தாள். என்னிடம் படித்தவள். நான் வேலை பார்த்த அதே கல்லூரியில் இப்போது விலங்கியல் துறைத் தலைவி.

"சார், டிபார்ட்மெண்ட்டுக்குக் கடல்தண்ணித் தொட்டி ஒண்ணு வாங்கறோம். பண்ணையில வளர்த்த மென்பவளம் வைக்கப்போறோம். அடியில என்ன மணல் போடறதுன்னு சொல்லுங்க. புத்தூர்ல கடைக்காரர் பாக்கெட் பாக்கெட்டா எடுத்துக் காட்டறார். வெள்ளை இருக்கு, கறுப்பு இருக்கு, ரோஸ் கலர்ல கூட இருக்கு."

"ரோஸ் கலரா? வாங்கிக் கேக் மேல தூவிச் சாப்பிடச் சொல்லு அந்தாளை."

"சார், வெளையாடாதீங்க. நாளைக்குள்ள ஆர்டர் கொடுக்கணும்."

நான் விளையாடவில்லை. இந்த மணல் விவகாரத்தில் நான் ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியிருக்க வேண்டியவன். அவளுக்கு வேண்டிய பதிலைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் வைத்தபிறகு மனசு கேட்கவில்லை. எழுதலாமென்று உட்கார்ந்தால் மணலோடு ராகவாச்சாரி சாரும் கூடவே வந்து நிற்கிறார். அவரை விட்டுவிட்டு மணலை மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது.

என் படிப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மதராசில் விலங்கியல் படித்தேன். பிறகு ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் கடற்கரையில் கல்லூரிகளுக்கு உயிரினங்கள் சேகரித்து அனுப்பும் வேலை கொஞ்ச காலம். அங்கே முதுகுத்தோல் உரிந்து உரிந்து முளைத்தது. ஐம்பதுகளின் கடைசியில் திருச்சிக்குத் திரும்பி, ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். செய்முறை வகுப்பில் பையன்களுக்குத் தவளையை எங்கே வெட்டுவது என்று காட்டுகிற உத்தியோகம். அதுவும் தற்காலிகம்.

இந்தத் தற்காலிகம்தான் வீட்டில் பிரச்சினை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குப் பெரிய கடைவீதிப் பக்கம் டிரங்குப் பெட்டிக் கடை. என் மாமா பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் கடிதம் போடுவார், பையனை அனுப்பி வை என்று. அத்தா ஒரு நாள் பச்சை பெயிண்ட் அடித்த பெரிய பெட்டி ஒன்றை எடுத்து, அதன்மேல் வெள்ளையில் 'ஹபீப், பினாங்கு' என்று எழுதச்சொல்லிக் கடை வாசலில் வைத்துவிட்டார்.

"கோடைக்குள்ள வேலை நிரந்தரமாச்சுன்னா இந்தப் பெட்டியை வித்துடறேன். இல்லேன்னா நீ இதைத் தூக்கிட்டுக் கப்பலேறு. தவளைக்குப் பேதி கொடுக்கிற வேலைக்கெல்லாம் எவன்டா பொண்ணு தருவான்?"

"பேதி கொடுக்கலத்தா, அறுக்கிறோம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

தினமும் சைக்கிளில் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். போகிறவன் வருகிறவனெல்லாம் "எப்பப்பா பயணம்?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துணி கிழிக்கிற சத்தத்தை ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டு இருக்க எனக்கு இஷ்டமில்லை. எனக்குக் கடலில் இருக்கிறதுகள்தான் வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடை வேண்டாம்.

துறைத் தலைவர் ராகவாச்சாரி சார் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்தர வீதியில் வீடு. நெற்றியில் பளிச்சென்று திருமண், மேலே கோட்டு, கையில் குடை. மீன்களின் லத்தீன் பெயர்களைப் பிரபந்தம் மாதிரி ஒப்பிப்பார், மீனைக் கையால் தொடமாட்டார். இடுக்கிதான். செய்முறை வகுப்பு முடிந்ததும் நேரே காவேரிக்குப் போய் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்.

அவருடைய மந்திரம் ஒன்றே ஒன்று: "அலம்பும்." கண்ணாடிக் குடுவையை அலம்பவேண்டும். அலம்பினதைத் துடைத்த துணியை அலம்பவேண்டும். துணி அலம்பின வாளியை அலம்பவேண்டும். அட்டெண்டர் சோலைமுத்து லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரு நாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏன் சார், இந்தக் குழாயையும் ஒருநா கழட்டி அலம்பச் சொல்வாருங்களா?" சொல்லமாட்டார் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை.

ஆனால் நல்ல மனுஷர். என் பெட்டி சமாசாரம் அவருக்குத் தெரியும். கடைவீதியில் அவரே பார்த்திருக்கிறார். "உம்ம பேரை அங்க எழுதி வெச்சிருக்கு ஓய், எனக்கு அந்தப் பக்கமே போகப் பிடிக்கலை" என்றார்.

வழியும் அவரே கண்டுபிடித்தார். எங்கள் கல்லூரியில் விலங்கியலைப் பட்டப்படிப்பாக்க அனுமதி கேட்டிருந்தோம். பங்குனியில் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வந்து ஆய்வகத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும். அனுமதி கிடைத்தால் என் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் பச்சைப் பெட்டி.

"எல்லாக் காலேஜும் பாட்டில்ல செத்ததைக் காட்டறான். நாம உயிரோட ஒண்ணைக் காட்டணும். திருச்சியில சமுத்திரத்தைக் காட்டணும் ஓய்" என்றார் சார்.

மென்பவளம் என்று நான்தான் சொன்னேன். பவளம் என்றதும் மோதிரத்துக் கல் ஞாபகம் வரும். இது அப்படியில்லை. எலும்பு கிடையாது, தொட்டால் தோல் மாதிரி இருக்கும். காம்பும் குடையுமாகக் காளான் உருவம். குடைமேல் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பூக்கள் விரிந்து ஆடும். பூவல்ல, ஒவ்வொன்றும் ஓர் உயிர். பயந்தால் எல்லாம் உள்ளே போய்விடும்.

"என்ன சாப்பிடும்?" என்றார் சார் முதல் கேள்வியாக.

"உடம்புக்குள்ள பாசி இருக்குங்க சார். வெயில் பட்டா அது சமைச்சுக் கொடுத்துடும்."

"அப்ப நம்மவா!" என்று மகிழ்ந்துபோனார். நடுநடுவே கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளையும் அது பிடித்துத் தின்னும் என்பதை நான் சொல்லப்போவேனா?

தொட்டிக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தவன் பொன்மலை ஒர்க்ஷாப்பில் இருந்த என் சிநேகிதன். காற்றுக்கு லாரி டியூப். சோலைமுத்து காலையில் சைக்கிள் பம்ப்பால் அதை அடித்து ஊதவைத்தால், மெல்லிய குழாய் வழியாகச் சாயங்காலம்வரை தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். பவளத்துக்கும் தண்ணீருக்கும் சாரும் நானுமே மண்டபம் போனோம்.

அங்கேதான் முதல் சண்டை. கடலோரத்திலேயே பவளக்கல் உடைந்து உடைந்து உருண்ட வெள்ளை மணல் கிடந்தது. கோணிப்பையை விரித்தேன். சார் குடையை நீட்டித் தடுத்தார்.

"கரையோரம் விடிகாலைல என்ன நடக்கறதுன்னு பார்த்தீரோன்னோ? இந்த மணலை என் லேபுக்குள்ள ஏத்தப்படாது."

"அப்ப எந்த மணலைப் போடறதுங்க சார்?"

"காவேரி மணலுக்கு மேல லோகத்துல என்ன ஓய் இருக்கு? ரெங்கநாதரே அதுமேலதான் பள்ளிகொண்டிருக்கார். ஒரு பவளத்துக்குப் போறாதா?"

விரித்த கோணிப்பையைச் சுருட்டிக்கொண்டேன்.

திரும்பி வருகிற ரயிலில் இன்னொரு கூத்து. ராமேஸ்வரம் பாசஞ்சர், பெட்டி நிறைய யாத்திரைக்காரர்கள். நடுவில் திருமண்ணோடு ஒரு பெரியவர், காலடியில் பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகளில் தண்ணீர். ஓர் அம்மாள் கைகூப்பினாள்.

"சாமி, தீர்த்தமுங்களா?"

"சமுத்திர ஜலம்மா. காலேஜுக்குக் கொண்டுபோறோம்."

"அக்னி தீர்த்தம்னு சொல்லுங்க. எங்களுக்குக் கொடுக்கக்கூடாதுன்னா மறைக்கிறீங்க?"

அந்த அம்மாள் கையைக் குழித்து நீட்டிவிட்டாள். சாருக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு சொட்டு விட்டார். அவ்வளவுதான், பெட்டி முழுக்கக் கைகள் நீண்டன. மானாமதுரை வருவதற்குள் ஒரு ஜாடி பாதியாகிவிட்டது. நான் எழுந்து நின்று, "தீர்ந்துபோச்சுங்க! கடல் தீர்ந்துபோச்சு! எல்லாரும் உக்காருங்க!" என்று கத்தினேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

காவேரி மணல் வந்தது. அம்மா மண்டபம் படித்துறைக்குக் கொஞ்சம் மேற்கே, சார் நின்று காட்டிய இடத்தில் அள்ளியது. ஆற்றிலேயே அலம்பி, குழாயில் அலம்பி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, மறுபடி அலம்பினோம். சோலைமுத்துவின் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது. தொட்டியில் போட்டபோது, சும்மா சொல்லக்கூடாது, கொள்ளை அழகு. காக்காப்பொன் துகள் வெயிலில் மின்ன, நடுவில் பவளம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது.

சாருக்குக் குஷி தாங்கவில்லை. பவளத்தை 'அது' என்றே சொல்லமாட்டார். காலையில் உள்ளே வரும்போதே, "எழுந்தருளியாச்சா?" என்பார். பூ விரிந்துவிட்டதா என்று அர்த்தம். தண்ணீர் மாற்றினால் திருமஞ்சனம். சாயங்காலம் தொட்டிமேல் துணி போட்டால் திருக்காப்பு. சோலைமுத்து கூடப் பழகிவிட்டார். "சார், எழுந்துட்டாருங்க" என்று வாசலுக்கே ஓடிவந்து சொல்வார்.

ஆனால் காவேரி மணல் ஆற்றுக்குத்தான் லாயக்கு. ரொம்பப் பொடி. பவளத்தோடு வந்து சேர்ந்த, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு நடந்தாலே புழுதி கிளம்பிப் பவளத்தின் தலையில் படியும். பவளம் கோழை விட்டுத் தள்ளிப் பார்த்தது. அடியிலோ, நெருங்கிப் படிந்த மணலுக்குள் காற்றோட்டமே கிடையாது. சில வாரத்தில் கண்ணாடி ஓரம் கறுப்புக் கோடு தெரிந்தது. குச்சியால் கிளறினேன். குப்பென்று நாற்றம்.

"என்ன ஓய் இது?"

"அழுகின முட்டை வாசனைங்க சார். கந்தக வாயு."

"நல்ல முட்டை வாசனையே எனக்குத் தெரியாது. அழுகினதை எங்கேர்ந்து கண்டேன்!"

அந்தப் பவளம் பிழைக்கவில்லை. கூழாகக் கரைந்துபோனது. சார் அன்று சாயங்காலம் காவேரியில் முழுக்குப் போட்டபோது ஒரு முழுக்கு அதிகம் போட்டதாக மறுநாள் சொன்னார். செத்தவனுக்கு ஒரு முழுக்கு.

இப்போது என் முறை. மணலில் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தொட்டிக்குள் கடல்தண்ணீர் நாளாக ஆகப் புளித்துக்கொண்டு வரும். சுண்ணாம்புச் சத்துள்ள மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அந்தப் புளிப்பை எடுத்துவிடும். சுண்ணாம்பு என்றால் எங்கள் வீட்டுச் சமாசாரம் அல்லவா! என் மச்சான், அக்கா வீட்டுக்காரர், வரகனேரிப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். மலைபோல் கிளிஞ்சல் குவிந்து கிடக்கும்.

"ஐயங்கார் காவேரியைக் கொண்டாந்தாரு, நீ காளவாயைக் கொண்டுபோறியா?" என்று சிரித்தபடி மச்சான் ஒரு மூட்டை கட்டிக்கொடுத்தார். நான் மார்தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். நல்லவேளை, முதலில் ஒரு வாளியில் போட்டுப் பார்த்தோம். மூட்டைக்குள் பாதி வெந்த கிளிஞ்சலும் கலந்திருந்தது. வாளி சுட்டது, புஸ்ஸென்றது, தண்ணீர் பாலாக வெளுத்தது.

சார் எட்டிப் பார்த்தார். "பவளத்தை வேகவெச்சுத் தளிகை பண்ணப் போறீரா?"

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சோலைமுத்துதான் இரக்கப்பட்டார். அந்த வாளியை வீணாக்காமல் ஆய்வகத்துப் பின்சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சுவர்தான் கட்டடத்திலேயே பளிச்சென்று இருந்தது.

ஆக அவர் ஊர் மணலும் தோற்றது, என் வீட்டு மணலும் தோற்றது. மூன்றாவதாகக் கடல் மணல்தான் என்று சார் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: கரையில் அள்ளப்படாது, இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி அள்ளவேண்டும். நானே மண்டபம் போய் அள்ளினேன். கூடவே புதுப் பவளம் ஒன்று, உள்ளங்கை அகலம்.

அள்ளிய மணலைச் சலிக்க வேண்டும். அளவு இதுதான்: அரிசிக் குருணை. அதற்குக் கீழே போனால் புழுதி கிளம்பும். அதற்கு மேலே போனால் இடுக்கில் எச்சில் உணவு மாட்டி அழுகும். சல்லடைக்கு எங்கே போவது? சார் தம் வீட்டிலிருந்தே குருணைச் சல்லடையைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்துவந்தார். அந்தச் சல்லடை மறுபடி அவர்கள் வீட்டு மடைப்பள்ளிக்குள் நுழைந்ததாகத் தெரியவில்லை. மாமிக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

சலித்து முடித்ததும் சார் கையை உதறினார். "இனிமே நன்னா அலம்பும். வெந்நீர், அப்புறம் பெர்மாங்கனேட்."

"வேணாம்ங்க சார். கடல்தண்ணியிலயே ஒரு தடவை அலசிட்டுப் போட்டுடலாம். இந்த மணல்ல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. தொட்டியில சேருற அழுக்கையெல்லாம் அதுங்கதான் தின்னு தீர்க்கும். வெந்நீர் ஊத்தினா அதுங்க செத்துடும், அப்புறம் அழுக்கை யாரு தின்கிறது?"

"அழுக்கை அழுக்கே அலம்புங்கறீரா?"

"ஆமாங்க சார்."

"என் காதுல விழப்படாத வார்த்தை ஓய் இது!"

முடிவு எதுவும் ஆகவில்லை. அதற்குள் மார்கழி வந்துவிட்டது. பகல்பத்து இராப்பத்து என்று கோயிலில் உற்சவம். அந்த நாட்களில் சார் ஊரில் இருந்தாலும் நமக்கு இல்லை, பெருமாளுக்குத்தான். லீவு போட்டுவிட்டு அவர் கோயிலுக்குப் போனார். நான் மணலைக் கடல்தண்ணீரில் ஒரே ஒரு அலசு அலசி, இரண்டு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி, மேலே கல்லை வைத்துப் பவளத்தை உட்கார வைத்தேன்.

உற்சவம் முடிந்து சார் வந்தபோது குடை முழுக்கப் பூத்திருந்தது. கதவோரமே நின்றுவிட்டார்.

"பேஷ்! பேஷ்! எத்தனை தடவை அலம்பினீர்?"

"ஒரு தடவைங்க சார். கடல்தண்ணியில."

அவர் மணலைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேரே போய்க் கையை அலம்பிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

தை, மாசி எல்லாம் சுகமாகப் போனது. பங்குனி பிறந்து, கமிஷன் வருகிற தேதி தெரிந்த அந்த வாரம் பார்த்து, பவளம் மூடிக்கொண்டது. ஒரு பூவும் வெளியே இல்லை. குடை சுருங்கி, வதங்கின கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. மேலே மங்கலாக ஒரு மெழுகுப் படலம். நாளுக்கு நாள் மோசமாயிற்று. சோலைமுத்து வாசலுக்கு ஓடிவருவதை நிறுத்திவிட்டார். கடைவீதியில் அத்தா அந்தப் பெட்டிக்குப் புதுப் பூட்டு ஒன்று மாட்டிவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மண்டபத்தில் ஒரு தடவை, இதே மாதிரிப் படலம் போர்த்திய பவளத்தைப் பார்த்திருக்கிறேன். படகுக்காரர் ஒருத்தர், "அது சட்டை உரிக்குது தம்பி, விட்டுடு" என்றார். அப்புறம் அதைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. ஆக நிச்சயமாகத் தெரியாது. படகுக்காரர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் நின்றேன்.

கமிஷன் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் வகுப்பு முடித்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தால், ராகவாச்சாரி சார் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். ஸ்டவ்வில் வெந்நீர் கொதிக்கிறது. சோலைமுத்து கையில் வாளியோடு பேந்தப் பேந்த விழிக்கிறார்.

"சார், என்ன செய்யறீங்க?"

"மணலை எடுத்து அலம்பப் போறேன். அழுக்கு மணல்ல உக்கார வெச்சீர், அவருக்கு மூச்சு முட்டறது. இப்ப அலம்பினா நாளைக்குக் காலம்பற திறந்துண்டுடுவார்."

நான் தொட்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"வேணாம்ங்க சார். சட்டை உரிக்குது. தானா திறக்கும். இப்பக் கிளறினா செத்துடும்."

"நிச்சயமாத் தெரியுமா உமக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா விலகும் ஓய்!"

"விலக மாட்டேன்."

"நாளைக்கு அவா வந்து பார்த்து இது செத்துப்போச்சுன்னு எழுதிட்டுப் போனா, நீர் கப்பலேறணும். புரியறதா? நீர் கப்பலேறப்படாதுன்னுதானே நான் அலம்பறேன்!"

அவர் குரல் உடைந்துவிட்டது. ஆனால் என் கோபம் என்னைவிட முந்திக்கொள்ளும். "கப்பலேறினாலும் ஏறறேன் சார், இந்த மணலைத் தொட விடமாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

சார் கையிலிருந்த குவளையை மேஜைமேல் நச்சென்று வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். சோலைமுத்து ஸ்டவ்வை அணைத்துவிட்டு, "இந்த வெந்நியில டீயாச்சும் போடட்டுங்களா சார்?" என்றார். போடச்சொன்னேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் கமிஷன் வந்தது. மூன்று பேர். தலைவர் மதராஸ்காரர், சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிறவர். பாட்டில்களைப் பார்த்தார், நுண்ணோக்கிகளைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல். கடைசியில் தொட்டிக்கு வந்தார். பவளம் அப்படியே சுருண்டு கிடந்தது.

"இது உயிரோட இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள், நேற்றிலிருந்து என்னோடு பேசாத ராகவாச்சாரி சார் முன்னால் வந்தார். "சயனத்துல இருக்கார்" என்றார்.

"உங்க பாட்டில்ல இருக்கறதெல்லாம்கூட சயனத்துலதான் இருக்கு" என்றார் தலைவர்.

என் கண்ணுக்குப் பச்சைப் பெட்டி தெரிந்தது. பூட்டும் தெரிந்தது.

தலைவர் நகரப் போனவர், எதையோ பார்த்து நின்றார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். தொட்டியின் கண்ணாடி ஓரம், அடிமட்டத்தில் கண்ணை வைத்தார். மணலுக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு கை வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மணலுக்குள் வாழும் நட்சத்திரமீன் இனம், விரல் நகத்தைவிடச் சின்னது. அதற்கு அந்தப்புறம் குழல் கட்டிய புழுக்கள் விசிறியை விரித்துவைத்திருந்தன. மணலைப் பிளந்துகொண்டு ஒரு பொடி நத்தை மேலே ஏறி வந்தது. இதையெல்லாம் நான் கொண்டுவந்து விடவில்லை. மணலோடு வந்ததுகள். மார்கழியிலிருந்து யாரும் தொந்தரவு செய்யாததால் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்ற இருவரையும் கூப்பிட்டார். மூன்று பேரும் வரிசையாகக் குனிந்து கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டார்கள்.

"கடலை விட்டு இவ்வளவு தூரத்துல மணலே உயிரோட இருக்கே! இதை எப்படிக் கழுவினீங்க?"

எதையும் மூன்று தரம் அலம்பாமல் தொடாத ராகவாச்சாரி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரே தடவை. அதுவும் சமுத்திர ஜலத்துல. நேத்திக்கு நான் வெந்நீர் விட்டு அலம்பறதா இருந்தேன். அலம்பப்படாதுன்னு குறுக்கே நின்னது இவர். பேர் ஹபீப். இன்னும் தற்காலிகம்தான்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் லென்ஸை என்னிடம் நீட்டி, "அந்த மூலையில இருக்கறது என்ன இனம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது. சொன்னேன்.

அவர்கள் போன சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, லாரி டியூபுக்குக் காற்றடிக்கப் போன சோலைமுத்து கத்திய கத்தலில் நான் ஓடினேன். மெழுகுப் படலம் கிழிந்து தண்ணீரில் மிதந்தது. அடியில் குடை முழுக்க, முன்னைவிட வெளுப்பாக, முன்னைவிட அடர்த்தியாகப் பூத்திருந்தது. சைக்கிளை எடுத்தேன். காவேரிப் பாலத்தில் எதிர்க்காற்று. உத்தர வீதியில் சார் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். சார் ஈர வேட்டியோடு வெளியே வந்தார்.

"எழுந்தருளியாச்சு சார்!"

அவர் உள்ளே திரும்பி, "இலையை எடுத்துடு, அப்புறமா வரேன்" என்று மட்டும் குரல் கொடுத்துவிட்டு, மேல்துண்டைப் போட்டுக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் ஏறிவிட்டார். ஸ்ரீரங்கத்து வீதியில் அப்படி ஓர் ஊர்வலத்தை அதற்கு முன் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பட்டப்படிப்பு வந்தது, என் வேலையும் நிரந்தரமானது. உத்தரவைக் கொண்டுபோய் அத்தாவிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் படித்துப் பார்த்தார்.

"அப்பக் கடல் தாண்டிப் போகமாட்டே?"

"கடலே இங்க வந்துடுச்சேத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஆனால் பெட்டியை விற்கவில்லை. உள்ளே ஓர் ஓரமாகத் தூக்கிவைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

அந்தப் பெட்டி கடைசியில் போன இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். அறுபதுகளின் நடுவில் ராகவாச்சாரி சார் ஓய்வு பெற்றார். மாமியோடு காசிக்குப் புறப்படுவதாகச் சொன்னதும் அத்தா அந்தப் பச்சைப் பெட்டியை எடுத்து, என் பெயரை அழித்து, அவர் பெயரை எழுதவைத்துக் கொடுத்தனுப்பினார். நல்ல சாமான், ஒரு தடவையாவது பயணம் போகட்டும் என்று.

புறப்படுவதற்கு முதல் நாள் சார் ஆய்வகத்துக்கு வந்தார். பவளம் ஒன்று பலவாகி, தொட்டி நிறையக் குடைகள் நின்றன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து சின்னப் பட்டுத்துணி ஒன்றை எடுத்து விரித்தார்.

"ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய்க் கங்கையில கரைக்கறது வழக்கம், தெரியுமோன்னோ? சேதுவுக்குப் போய் எடுத்துண்டு வரச்சொன்னா எங்காத்துல. எனக்கு இதைவிட்டா வேற மணல் தோணலை. ஒரு பிடி தாரும்."

தொட்டிக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். வருஷக்கணக்கில் கிடந்த மணல். கையில் பழுப்புப் பாசி ஒட்டியது, புழுக் குழல் ஒன்று தொங்கியது. கங்கைக்குப் போகிறது, பெரியவர் மடியில் கட்டிக்கொள்ளப் போகிறார், இப்படியேவா கொடுப்பது? புழுவை மெல்ல எடுத்துத் தொட்டியில் விட்டுவிட்டுக் குழாய்ப்பக்கம் திரும்பினேன். தண்ணீரைத் திறந்தேன்.

சார் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். இடுக்கி இல்லாமல், வெறுங்கையால்.

"ஓய்! அலம்பாதேயும்!"